சோளகத்தில் வந்து பாருங்கள்

வன்னியின் விவசாயப் போதனாசிரியர்களுக்கும் கமநல சேவை நிலைய அதிகாரிகளுக்கும்,

வணக்கம். இரணைமடுக் குளத்தின் கீழ் ஒன்றரை ஏக்கர் வயலும் வீட்டோடு கால் ஏக்கர் மேட்டுக்காணியும் உள்ள கமக்காரி நான். மண்புழு வளர்ப்பைப் பற்றியே எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனம் எங்கள் ஊரில் ஒருநாள் பயிற்சி வைத்தது. மாசி மாதம். சீமெந்துத் தொட்டியும் தகரக் கூரையும் புழுவும் தந்து, படமெடுத்துக்கொண்டு போனார்கள். ஆடியில் சோளகம் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று பலமாக வீசியபோது தொட்டி அடுப்பாகக் கொதித்தது. ஒருநாள் ஈரச் சாக்கைத் தூக்கினேன். மிஞ்சிய புழுக்கள் ஈரமிருந்த ஒரே மூலையில் ஒரு கைப்பிடி உருண்டையாகப் பின்னிக் கிடந்தன. மற்றெல்லா இடமும் எறும்பு.

அந்த உருண்டையை ஒரு மண்பானையில் போட்டு மாமரத்தடிக்குக் கொண்டுபோனேன். பிறகு அங்கேயே தென்னோலைக் கிடுகு வேய்ந்து, எறும்பு ஏறாதபடி கால்களைத் தண்ணீர்ச் சிரட்டைகளில் வைத்த பலகைப் பெட்டி ஒன்று செய்தேன். பச்சைச் சாணம் சூடேறிப் புழுவைக் கொல்லும் என்பதால் இரண்டு வாரம் ஆறவைத்துத்தான் போடுகிறேன். வெயில் காலத்தில் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கிறேன். இரண்டு மாதத்தில் தேயிலைத் தூள் போல எரு கிடைக்கிறது. என் மிளகாய் நாற்றுமேடைக்கு வேறு பசளை வாங்குவதில்லை.

ஆனால் வயலுக்கு இது ஈடாகும் என்று யாருக்கும் சொல்லிவிடாதீர்கள். ஐம்பது கிலோ யூரியாப் பையில் 23 கிலோ தழைச்சத்து இருக்கிறது. மண்புழு எருவில் அது நூற்றுக்கு ஒன்றரை என்று வைத்தாலும், அந்த ஒரு பைக்கு ஒன்றரைத் தொன் எரு வேண்டும். என் பெட்டியில் அது எப்படி விளையும்? 2021இல் அரசாங்கம் இரசாயனப் பசளையை ஒரேயடியாக நிறுத்தியபோது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. நெல் வெளிறி நின்றதைப் பார்த்தவர்கள் நாங்கள். அதனால்தான் இயற்கை எரு என்றாலே இன்று முகத்தைத் திருப்புகிறார்கள். நல்லதொரு வழிக்கு அந்தத் தடை செய்த கேடு பெரிது.

காளான், தேனீ, நாட்டுக்கோழி எல்லாம் இப்படியே ஒருநாள் பயிற்சியாக வந்துபோயின.

கேட்பது பெரிதல்ல. தொடங்கிவைத்த வீடுகளுக்கு ஆனி முதல் ஆவணி வரை மாதம் ஒருமுறை வாருங்கள். சீமெந்துக்கும் தகரத்துக்கும் ஒதுக்கும் பணத்தில் கிடுகும் நீர்த்தொட்டியும் கொடுங்கள். புழுவை வெளியிலிருந்து வாங்காமல், கோடையைத் தாண்டி உயிர்பிழைத்த புழுக்களை எங்களிடமே வாங்கி அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள். பெரும்போகம் அறுத்ததும் வயலில் எரிக்கிற வைக்கோலை மூட்டையாக்கிச் சேர்க்க வழி காட்டுங்கள். ஊரில் பட்டிச் சாணத்துக்குக் குறைவில்லை.

இந்த ஆடியில் என் வீட்டுக்கு வாருங்கள். கிடுகைத் தூக்கிக் காட்டுகிறேன். அடுத்த வீட்டுக்குக் கொடுக்க இரண்டு கிலோ புழு இப்போதே இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு கமக்காரி, கிளிநொச்சி