அந்த இடத்தை விளம்பரத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள்

அமெரிக்க நகரங்களில் இலவசமாகக் கிடைக்கும் மாற்று வார இதழ்களின் ஆசிரியர்களுக்கும் உரிமையாளர்களுக்கும் வணக்கம்.

2012 ஜூன் 15 அன்று, ‘தி சிம்ப்சன்ஸ்’ தொடரை உருவாக்கிய மாட் கிரேனிங் முயல்களை வைத்து உங்கள் இதழ்களில் வரைந்த ‘லைஃப் இன் ஹெல்’ கார்ட்டூன் தொடர் 1,669-ஆவது படத்தோடு நின்றுவிட்டது. நிறுத்தியது அவருடைய முடிவு. முப்பது வருடத்துக்கு மேல் வரைந்தவர் பேனாவை மூடி வைக்கலாம், அதில் எனக்கு வருத்தம்தான் உண்டு, புகார் இல்லை. நான் கேட்பது அவர் விட்டுப்போன இடத்தைப் பற்றி. தயவுசெய்து அதை இன்னொரு கார்ட்டூனிஸ்டுக்குக் கொடுங்கள்.

நான் லாஸ் ஏஞ்சலஸுக்குப் படிக்க வந்த புதிதில், சலவைக்கடை வாசல் பெட்டியில் கிடந்த இலவச இதழில்தான் அந்த முயல்களை முதலில் பார்த்தேன். வகுப்பில் வாய் திறக்கவே பயந்த நாட்கள் அவை. ஒற்றைக் காது முயல் போங்கோ ஓர் இருட்டறையில் தனியாக உட்கார்ந்திருப்பான். கதவுத் துவாரம் வழியாக இரண்டு கண்கள் அவனையே பார்த்துக்கொண்டிருக்கும். அதைப் புரிந்துகொள்ள இங்கிலீஷ் அதிகம் தேவைப்படவில்லை. துணி காயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிரேனிங்கும் ஓரிகனின் போர்ட்லாந்தில் வளர்ந்து 1977-இல் இங்கே வந்தவர், இந்த ஊரில் படும் பாட்டை நண்பர்களுக்குச் சொல்லத்தான் வரைய ஆரம்பித்தார் என்பதெல்லாம் அப்புறம் தெரிந்தது. ஜெராக்ஸ் எடுத்து, வேலை பார்த்த இசைத்தட்டுக் கடையிலேயே வைத்து விற்றிருக்கிறார். பிறகு ‘லாஸ் ஏஞ்சலஸ் ரீடர்’ என்ற வார இதழில் பேப்பர் கட்டுகளைக் கொண்டுபோய்ப் போடும் வேலை. 1980-இல் அந்த இதழ் அவர் படத்தையும் அச்சிட்டது. பேப்பர் போடுகிறவர் வரைந்ததை எடுத்துப் பார்க்க அங்கே ஓர் ஆசிரியருக்கு மனசு இருந்தது. உங்களிடம் நான் கேட்பதும் அந்த மனசைத்தான்.

ஒரு காலத்தில் 250-க்கும் மேற்பட்ட இதழ்களில் வந்த தொடர், முடியும்போது 38 இதழ்களில்தான் வந்துகொண்டிருந்தது. வரி விளம்பரங்கள் இணையத்துக்குப் போய், உங்கள் வருமானம் சரிந்ததை நான் அறிவேன். சரி, ஆனால் ஒவ்வொரு முறையும் கத்தரி ஏன் முதலில் கார்ட்டூன் மேலேயே விழுகிறது? 2009 ஜனவரியில் பல வார இதழ்களை வைத்திருந்த வில்லேஜ் வாய்ஸ் மீடியா நிறுவனம் தன் இதழ்களில் கார்ட்டூன்களை நிறுத்தியபோது, கார்ட்டூனிஸ்ட் டாம் டுமாரோ ஒரே அடியில் 12 இதழ்களை இழந்தார். லிண்டா பேரியின் கார்ட்டூன் தொடர் அதற்கு முந்தைய வருடமே முடிந்திருந்தது. ஜூல்ஸ் ஃபைஃபர் நியூயார்க்கின் ‘வில்லேஜ் வாய்ஸ்’ இதழில் முதல் எட்டு வருடம் காசு வாங்காமல் வரைந்தவர். 1997-இல் அந்த இதழ் அவருடைய சம்பளத்தை நிறுத்தியபோது அந்த எட்டு வருடம் யாருக்கும் நினைவுக்கு வரவில்லையா?

எனக்குத் தெரிந்த ஒரு பெண், பகலில் காபிக் கடையில் நின்று வேலை பார்த்துவிட்டு, மூன்று வருடமாக இரவில் வரைகிறாள். பத்துப் படங்களை ஒரு வார இதழுக்கு அனுப்பினாள். இலவசமாகக் கொடுத்தால் இணையதளத்தில் போடுகிறோம், உன் பெயர் பரவும் என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தை என்னிடம் காட்டியபோது அவள் அழவில்லை. எனக்குத்தான் தொண்டை அடைத்தது. பெயரை வைத்து அவள் வாடகை கட்ட முடியாது. அதே இதழில் அந்த வாரம் உணவக விளம்பரம் மட்டும் ஆறு பக்கம். எந்த ஊருக்குப் போனாலும் இப்போது அதே பர்கர் பட்டியலும் அதே கச்சேரி அட்டவணையும்தான் கிடைக்கின்றன. பெரிய நாளிதழ்கள் தொடத் தயங்கியதை அச்சிடத்தானே உங்களை ஆரம்பித்தார்கள்? அதை விட்டுவிட்டு ‘மாற்று’ என்ற சொல்லை மட்டும் எதற்கு வைத்திருக்கிறீர்கள்?

குரல் உயர்ந்துவிட்டது, மன்னியுங்கள். உங்களில் பலர் பாதி ஆட்களை வைத்துக்கொண்டு இதழைக் கொண்டுவருகிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் சிறிதாகவே கேட்கிறேன். வாரம் ஒரு படம். உங்கள் ஊரிலேயே வரைகிற, இதுவரை யாரும் அச்சிடாத ஒருவருடையது. அதற்கு ஒரு தொகை, குறைவானாலும் பரவாயில்லை, ஆனால் கட்டாயம் ஒரு தொகை. ஆறு மாதம் போட்டுப் பாருங்கள். அந்த இடத்தை விளம்பரத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

இந்த மடலின் ஆங்கிலப் பிரதி உங்கள் அலுவலகங்களுக்குத் தபாலில் வருகிறது. அந்தப் பெண்ணின் நான்கு படங்களையும், அவளைக் கேட்டுக்கொண்டு, கூடவே வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வாசகன்