'வெறும்' தார்மீகக் கடமையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விபத்துப் பொறுப்பு பற்றிய தங்கள் தலையங்கத்தில், "சட்டப்படி எந்தப் பொறுப்பும் இல்லை, இருப்பது வெறும் தார்மீகக் கடமைதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'வெறும்' யார் வாய்ச் சொல் என்பதை அறிந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

நான் தட்டச்சராக இருந்த நிறுவனத்தில், பணி முடிந்து வீடு சென்ற காவலாளி ஒருவர் மாரடைப்பில் இறந்தார். "நிர்வாகத்துக்குச் சட்டப் பொறுப்பு ஏதுமில்லை; எனினும் தார்மீகக் கடமை என்ற அளவில் ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவித்துக் கொள்கிறோம்" என்ற கடிதத்தைத் தட்டச்சு செய்தவன் நானே. அவருடைய மனைவி அதன் கடைசி வரியில் விரலை வைத்து, "இதுக்கு என்ன தருவாங்க?" என்று கேட்டார். நிர்வாகத்தின் அகராதியில் அதற்குப் பொருள், ஒன்றும் தரமாட்டார்கள் என்பது.

1956இல் அரியலூர் ரயில் விபத்துக்குப் பின் லால் பகதூர் சாஸ்திரி அமைச்சர் பதவியிலிருந்து விலகினாரே, எந்தச் சட்டப் பிரிவு அவரை விலகச் சொன்னது? அரசமைப்புச் சட்டத்தில் 1976இல் சேர்க்கப்பட்ட அடிப்படைக் கடமைகளை மீறியதற்காக மட்டும் ஒருவரைத் தண்டித்துவிட முடியாது. அதற்காக அவற்றை 'வெறும் அடிப்படைக் கடமைகள்' என்று தாங்கள் எழுதியதாக நினைவில்லை. "கைம்மாறு வேண்டா கடப்பாடு" என்ற குறளைத் தங்களுக்கு நான் எடுத்துச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். அந்தக் குறள் உவமை காட்டும் மழைக்கு யாரும் திருப்பிச் செய்வதில்லை என்பதாலேயே அங்கே 'கடப்பாடு' என்ற சொல்லுக்கு எடை கூடுகிறது.

தங்கள் இதழில் இது புதிதும் அன்று. அக்கறையில்லாத விசாரணையைக் 'கடமைக்கு நடந்த விசாரணை' என்கிறீர்கள். மிரட்டிப் பெற்ற இசைவைக் 'கடமைப்பட்டு அளித்த இசைவு' என்கிறீர்கள். பதவியை விடாமலே 'தார்மீகப் பொறுப்பேற்கிறேன்' என்று அறிக்கை விடுபவரைத் துணிச்சல்காரர் என்று பாராட்டவும் செய்கிறீர்கள். முன்னர் இதே குறையைச் சுட்டி நான் அனுப்பிய கடிதம், இடமின்மையால் வெளிவரவில்லை என்று நம்புவதே எனக்கு மரியாதை.

மறுப்போ வருத்தமோ நான் கேட்கவில்லை. இனி அச்சேற்றுமுன் 'வெறும்' என்ற அந்த ஒரு சொல்லை அடித்துவிடும்படி மட்டும் வேண்டுகிறேன். இக்கடிதத்தைச் சுருக்கி வெளியிடுவதானால், அச்சொல்லை மேற்கோள் குறியோடு விட்டுவைக்கவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தட்டச்சர் ஒருவர்