பயறுக்கு ஏது நுரையீரல்?

அன்புள்ள மகளுக்கு,

இங்கு நானும் அப்பாவும் நலம். உன் நலமறிய ஆவல்.

சுவாசம் எங்கே நடக்கிறது என்று கேட்டதற்கு வகுப்பு முழுவதும் ‘நுரையீரலில்’ என்று சொன்னதாக வருந்தி எழுதியிருந்தாய். முப்பது ஆண்டுகள் ஒவ்வொரு ஜூன் மாதமும் எனக்குக் கிடைத்த பதிலும் அதுதான். பிள்ளைகள் மேல் குற்றமில்லை. மூச்சு விடுவதையும் சுவாசம் என்கிறோம்; செல்லுக்குள் குளுக்கோஸ் சிதைந்து ஆற்றல் பிறப்பதையும் சுவாசம் என்கிறோம். முதலில் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டு.

முளைகட்டிய பச்சைப்பயறை ஒரு தெர்மாஸ் குடுவையில் போட்டு, வெப்பமானியைச் செருகி, வாயைப் பஞ்சால் அடை. வேகவைத்து ஆறவைத்த பயறை இன்னொரு குடுவையில் போடு. மறுநாள் முளைப்பயறுக் குடுவையில் வெப்பம் ஏறியிருக்கும். பயறுக்கு ஏது நுரையீரல் என்று பிள்ளைகளே கேட்கட்டும், நீ முந்திக்கொள்ளாதே.

பிறகு செல்லுக்குள் அழைத்துப் போ. செல்லை நிரப்பியிருக்கும் கூழான சைட்டோபிளாசத்தில் ஒரு குளுக்கோஸ் இரண்டு பைருவிக் அமிலமாகப் பிளக்கிறது. மிஞ்சும் லாபம், செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி இரண்டு மட்டுமே, ஆக்சிஜன் தேவையில்லை. செல்லின் ஆற்றல் ஆலையான மைட்டோகாண்ட்ரியா இல்லாத நம் ரத்தச் சிவப்பணு இதை வைத்தே வாழ்கிறது. உடல் முழுவதற்கும் ஆக்சிஜன் சுமக்கும் அந்த அணு, தன் ஆற்றலுக்கென்று அதில் துளியும் எடுப்பதில்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

மற்ற செல்களில் பைருவிக் அமிலம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகிறது. அதன் உட்கூழ்மத்தில் 1937இல் ஹான்ஸ் கிரெப்ஸ் கண்டறிந்த வேதிவினைச் சுழற்சி நடக்கிறது. நாம் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு பிறப்பது இங்கேதான். அதன் பின் உட்சவ்வின் மடிப்புகள். இங்கே அவசரப்படாதே. குளுக்கோஸிலிருந்து பிரிந்த எலக்ட்ரான்கள் இந்தச் சவ்வில் புரதத்துக்குப் புரதம் கைமாறும்போது புரோட்டான்கள் சவ்வுக்கு அப்பால் தள்ளப்பட்டுத் தேங்குகின்றன. மேட்டூரில் தேங்கிய நீர் சுழலியைச் சுற்றிக்கொண்டு இறங்குவதைப் போல, அவை ஒரு நொதியைச் சுழற்றிக்கொண்டு திரும்புகின்றன. அந்த நொதி சுழல்வதில் ஏடிபி உருவாகிறது. பீட்டர் மிட்செல் 1961இல் இதைச் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1978இல் நோபல் பரிசு வந்தது. எல்லாம் முடிந்த இடத்தில் ஆக்சிஜன் எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு நீராகிறது. பெரும்பாலும் அந்த ஒரு வேலைக்காகத்தான் நுரையீரல் ஓயாமல் ஆக்சிஜனை உள்ளிழுக்கிறது.

ஏடிபியை 1929இல் ஜெர்மனியில் கார்ல் லோமனும், ஹார்வர்டில் ஃபிஸ்க்கும் எல்லாப்பிரகட சுப்பாராவும் கண்டறிந்தார்கள். சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் என்பதைச் சொல்லாமல் விடாதே.

ஒரு குளுக்கோஸுக்கு மொத்தம் 38 ஏடிபி என்று நான் கரும்பலகையில் எழுதிப்போட்டவள். இன்றைய கணக்கு 30 முதல் 32 வரை. தேர்வுக்குப் புத்தகத்தில் உள்ளதைச் சொல். இன்றைய கணக்கையும் சேர்த்துச் சொல்.

என் பழைய குடுவைகள் இரண்டையும் வைக்கோல் சுற்றி வெள்ளிக்கிழமை பஸ்ஸில் அனுப்புகிறேன். ஒன்றின் வாய் சற்று அகலம். பஞ்சு கூடுதலாக வை.

அன்புடன்,
அம்மா