அளவுகோலைச் சொல்லிவிட்டு அளக்கலாமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'பகுத்தறிவா, விசுவாசமா' என்று தங்கள் நாளிதழில் நடந்துவரும் விவாதத்தில் ஒரு கேள்வியை இரு தரப்பும் தொடவே இல்லை. எதை அறிவு என்று ஒப்புக்கொள்வது? காண்டல் (நேரில் அறிவது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (நம்பத்தக்கவர் சொல்லால் அறிவது) என அளவைகளை, அதாவது அறியும் வழிகளை, வகுத்துவிட்டுத்தான் நம் தத்துவ நூல்கள் பொருளுக்குள் நுழையும். கிறிஸ்தவ உலகப் பார்வையைப் பற்றிப் பேசும்போதும் அந்த ஒழுங்கு வேண்டும்.

போதிய ஆதாரமின்றி எதையும் நம்புவது யாருக்கும் எப்போதும் தவறு என்று 1877-இல் ஆங்கிலேயக் கணித அறிஞரும் தத்துவவாதியுமான கிளிஃபோர்ட் எழுதினார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நேற்றிரவு சாப்பிட்டது என்ன என்பதை நினைவை நம்பித்தான் சொல்கிறோம். நினைவை நம்பலாமா என்றால், அதற்கு ஆதாரமாக இன்னொரு நினைவைத்தான் காட்ட முடியும். தன்னளவில் தெளிவானது, புலனுக்கு எட்டுவது, தவறவே முடியாதது ஆகியவை மட்டுமே வேறு ஆதாரம் தேவைப்படாத அடிப்படை நம்பிக்கை ஆகலாம் என்ற விதியும் இப்படித்தான் இடறுகிறது. அந்த விதியே இந்த மூன்றில் எதிலும் அடங்காது என்பதைத் தத்துவவாதி ஆல்வின் பிளான்டிங்கா எடுத்துக்காட்டினார்.

அளவை மாறினால் விசுவாசத்தின் முகமும் மாறும். 'கடவுள் இருப்பது எப்படித் தெரியும்?' என்று ஒரு பிள்ளை கேட்கட்டும். கடவுளை இயற்கையான பகுத்தறிவால் உறுதியாக அறியலாம் என்று 1870-இல் அறிவித்த, கத்தோலிக்கத் திருச்சபையின் முதல் வத்திக்கான் சங்கத்தின் வழியில் நிற்பவர், படைப்பிலிருந்து காரணத்துக்குப் போகும் வாதத்தைச் சொல்வார். மனிதருக்குள் இறையுணர்வு விதைக்கப்பட்டுள்ளது என்ற சீர்திருத்தத் திருச்சபைத் தலைவர் கால்வினின் வழியில் வருபவர், வாதத்துக்கு முன்பே அந்தப் பிள்ளை உணர்ந்திருப்பதைச் சுட்டுவார். சுவிஸ் இறையியலாளர் கார்ல் பார்த்தைப் பின்பற்றுபவர் இயற்கையை விட்டுவிட்டு நேரே கிறிஸ்துவிடம் அழைத்துப் போவார். பிள்ளைக்குச் சந்தேகம் வந்தாலும் அப்படித்தான்: முதலாமவர் வாதத்தில் விடுபட்டதைத் தேடுவார், இரண்டாமவர் மங்கிய பார்வையைத் தெளிவிக்கப் பார்ப்பார்.

கிறிஸ்துவின் உயிர்த்தெழுதல் 'உரை' என்ற அளவையைச் சேர்ந்தது. இங்கே பலர் சறுக்குகிறார்கள். 1 கொரிந்தியர் 15:6-இல் ஐந்நூறு பேருக்கும் அதிகமானோர் உயிர்த்தெழுந்த கிறிஸ்துவைக் கண்டதாகவும், அவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருப்பதாகவும் பவுல் எழுதுகிறார். இதை ஐந்நூறு சாட்சியங்களாக எண்ணுவது தவறு. நம் கையில் இருப்பது ஒருவர் எழுதிய கடிதம். ஆனால் 'உயிரோடிருக்கிறார்கள்' என்ற சொல்லுக்குத் தனி எடை உண்டு, போய் விசாரிக்க அது வழி திறந்துவிடுகிறது. அற்புதத்தைச் சொல்லும் சாட்சியம் பொய்யாவது அந்த அற்புதத்தைவிட நம்ப முடியாததாக இருந்தால்தான் ஏற்கலாம் என்று 1748-இல் ஸ்காட்லாந்து தத்துவவாதி ஹியூம் தராசு வைத்தார். அந்தத் தராசில் ஒரு தட்டு முன்கூட்டியே தாழ்ந்திருக்கிறது. கடவுள் இருக்கக்கூடும் என்று கருதுபவரும் இல்லவே இல்லை என்பவரும் அதில் ஒரே எடையைப் படிக்க மாட்டார்கள்.

'எனக்கு விசுவாசம் இருக்கிறது, அது போதும்' என்று கதவைச் சாத்துவதையும் ஏற்க முடியாது. எந்தக் கொள்கைக்காரரும் அதையே சொல்லலாம், தவறைத் திருத்த இடமே இராது. பெரோயா ஊரார் தாங்கள் கேட்ட போதனையை நாள்தோறும் மறைநூலோடு ஒப்பிட்டுப் பார்த்ததை அப்போஸ்தலர் 17:11 பாராட்டியே சொல்கிறது.

இனி இந்த விவாதத்தில் எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த அளவையில் நிற்கிறீர்கள், எது தெரியவந்தால் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். கிறிஸ்து எழுந்திருக்கவில்லை என்றால் எங்கள் பிரசங்கமும் வீண், உங்கள் விசுவாசமும் வீண் என்று பவுல் 1 கொரிந்தியர் 15:14-இல் சொல்லிவிட்டுத்தான் மேலே எழுதுகிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்