'ப்ளடி' பிறந்த கதை

அன்புள்ள சுந்தரம்,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை வேளாவேளைக்குப் போட்டுக்கொள். சுகர் மாத்திரையையே மறக்கிற ஆள் நீ. இங்கே எல்லாரும் சௌக்கியம். மழைதான் விடாமல் பெய்து மொட்டைமாடி ஒழுகுகிறது, கொத்தனார் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடிக்கிறார்.

இங்கிலீஷ் வசவான 'ப்ளடி' என்பது 'பை அவர் லேடி', அதாவது மாதா மேல் ஆணை என்பது தேய்ந்து வந்த சொல் என்று உன் மாப்பிள்ளை அடித்துச் சொன்னாராமே. அவர் மேல் தப்பில்லை. இங்கிலாந்திலேயே ரொம்பப் பேர் இதை நம்புகிறார்கள். எனக்கென்னவோ ஒட்டவில்லை.

'பைர் லேடி' என்ற சுருக்கம் ஷேக்ஸ்பியரில் வருவது வாஸ்தவம்தான். கலிவர் கதை எழுதிய ஜோனதன் ஸ்விஃப்டின் கடிதங்களில் ஓரிடத்தில் 'பைர் லேடி' குளிர் என்று வருகிறது. 1711-இல் இன்னோரிடத்தில் நடந்து போனதைச் சொல்லும்போது 'ப்ளடி ஹாட்' என்கிறார். மாதா கட்சிக்கு இதுதான் பெரிய சாட்சி. ஆனால் ஒரே மனுஷன் இரண்டையும் தனித்தனியாக எழுதினால், அவருக்கு அவை இரண்டு சொற்கள் என்றுதானே அர்த்தம்?

இன்னொரு கட்சி, கிறிஸ்துவின் இரத்தத்தின் மேல் இட்ட ஆணை என்கிறது. அதுவும் தூரத்து உறவுதான். 1676-இல் எதரிஜ் எழுதிய நாடகத்திலேயே 'ப்ளடி டிரங்க்' இருக்கிறது. செம போதை என்கிறோமே, அந்தச் 'செம' செய்கிற வேலையை அங்கே 'ப்ளடி' செய்கிறது. சத்தியம் செய்கிற தொனியே இல்லை. அந்தக் காலத்தில் குடித்துவிட்டு ரகளை செய்த பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கு 'பிளட்' என்று பெயர், அவர்களைப் போலக் குடித்தவன்தான் 'ப்ளடி டிரங்க்' என்று ஒரு விளக்கம் உண்டு. அதைக்கூட ஒப்புக்கொள்ளலாம். ஜெர்மன்காரர்கள் மிக இளையவரை 'ப்ளூட்யுங்' என்கிறார்கள். 'ப்ளூட்' என்றால் அவர்கள் பாஷையில் இரத்தம், யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆங்கிலத்திலும் வெறும் இரத்தமே அழுத்தம் கொடுக்க வந்திருக்கலாம் என்பது என் கட்சி.

ஸ்விஃப்ட் கூச்சமில்லாமல் எழுதியதை 1755-இல் ஜான்சன் தன் அகராதியில் ரொம்பக் கொச்சை என்று ஒதுக்கிவிட்டார். பிறகு பத்திரிகைகள் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் போட்டு நடுவில் கோடு இழுத்தன. சாதாரண இரத்தத்துக்கு இத்தனை கூச்சம் எதற்கு என்று யாருக்கும் புரியவில்லை. தெய்வ நிந்தனை என்றால் கணக்குச் சரியாகிவிடும். மாதா அப்படித்தான் உள்ளே வந்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

1914 ஏப்ரலில் பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' லண்டனில் மேடையேறியபோது, பூக்காரி எலைசா நாகரிகமான வீட்டு விருந்தில் 'நாட் ப்ளடி லைக்லி', அதாவது சான்ஸே இல்லை என்று போடுகிறாள். அரங்கத்தில் சிரிப்பு அடங்கவே நேரமானதாம். அப்புறம் ஊர் முழுக்க அந்தச் சொல்லுக்குப் பதிலாக 'நாட் பிக்மேலியன் லைக்லி' என்று கேலி பேசினார்கள். 2006-இல்கூட ஆஸ்திரேலிய சுற்றுலா விளம்பரத்தில் 'ப்ளடி ஹெல்' வந்ததென்று பிரிட்டிஷ் டிவியில் முதலில் தடை போட்டார்கள். வாய்க்கு வாய் 'ப்ளடி' போடும் நம் பி.டி. மாஸ்டரை அவர்களிடம் ஒரு பீரியட் அனுப்பியிருக்க வேண்டும்!

மாப்பிள்ளையிடம் இதைச் சொல்லி வம்புக்கு இழுத்துவிடாதே, நான் சொன்னேன் என்று மட்டும் சொல். கண் கட்டு அவிழ்த்ததும் போன் பண்ணு. தை மாதம் கும்பகோணம் வருவேன், டிகிரி காபி உன் செலவு.

அன்புடன்,
ரங்கன்