சங்கங்களின் கதையையும் எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய கார்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். குதிரைத்திறன், ஏல விலை, இன்றைய உரிமையாளர் என எல்லாம் இருந்தது. அந்த வண்டிகள் இன்னும் ஓடுவதற்குக் காரணமான பழைய கார் ஆர்வலர் சங்கங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வட்டாரச் சங்கம் ஒன்றின் பதிவேடுகளைப் பராமரித்து வருகிறவன் என்ற முறையில் இது எனக்குப் பெருங்குறையாகப் பட்டது.

பிரிட்டனில் கார் ஓடினால் முன்னால் ஓர் ஆள் நடந்து போக வேண்டும் என்ற சட்டம் 1896இல் நீங்கியது. அதைக் கொண்டாட நவம்பர் 14 அன்று லண்டனிலிருந்து பிரைட்டனுக்குக் கார்கள் புறப்பட்டன. 1927இல் பழைய வண்டிகளைத் திரட்டி அதே பயணத்தை மீண்டும் நடத்தினார்கள். காயலான் கடைக்குத்தான் லாயக்கு என்று பலர் ஒதுக்கிய வண்டிகள் அவை. அந்த ஓட்டத்தின் தொடர்ச்சியாகவே 1930இல் வெட்டரன் கார் கிளப் பிறந்தது. 1935இல் அமெரிக்காவில் ஆன்டிக் ஆட்டோமொபைல் கிளப் தொடங்கி, வட்டாரக் கிளைகளாகப் பரவியது. 1966இல் பல நாட்டுச் சங்கங்களும் சேர்ந்து ஃபிவா என்ற உலகக் கூட்டமைப்பை அமைத்தன.

ஆனால் உண்மையான வேலை நடந்தது வட்டாரச் சங்கங்களில்தான். தயாரித்த கம்பெனியே மூடிவிட்டால் உதிரிபாகத்துக்கு எங்கே போவது? ஒரே ஒரு உருப்படிக்கு வார்ப்படம் செய்யச் சொன்னால் எந்தப் பட்டறையும் தயங்கும். ஒன்று வார்த்தாலும் இருபது வார்த்தாலும் அச்சு செய்யும் செலவு ஒன்றுதான். அதே கார் வைத்திருப்பவர்கள் சேர்ந்து ஆர்டர் கொடுத்தால் காரியம் நடக்கிறது. வேலை நுணுக்கமும் இப்படித்தான் கைமாறியது. வெள்ளை உலோகம் எனப்படும் மென்மையான கலவையை உருக்கி, இன்ஜின் தண்டைத் தாங்கும் பேரிங்கில் ஊற்றுவார்கள். தண்டில் நீலச் சாயம் தடவிச் சுற்றிப் பார்ப்பார்கள். சாயம் ஒட்டிய மேடுகளை மட்டும் சுரண்டியால் சீவி, தண்டு சீராகப் படியும்வரை திரும்பத் திரும்பச் செய்வார்கள். சைக்ளோஸ்டைல் செய்த எங்கள் பழைய செய்திமடல் ஒன்றில் இதைக் கைப்படம் போட்டு விளக்கியிருக்கிறார்கள். கையேட்டில் இவ்வளவு தெளிவு கிடையாது.

ஈயம் கலந்த பெட்ரோல் நின்றபோதும் சங்கங்களே கைகொடுத்தன. இன்ஜினில் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வு வந்து அமரும் இடமான இருக்கை தேயாமல் காத்தது அந்த ஈயம்தான். அது போனபின், கடினப்படுத்திய இருக்கைகளைப் பொருத்தச் சொல்லி உறுப்பினர்களுக்குத் தகவல் பரப்பினார்கள்.

இந்தச் செய்திமடல்கள், கூட்டக் குறிப்புகள், சேசிஸ் எண் பட்டியல்கள் எல்லாம் இன்று யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. அவர் காலமானதும் பழைய பேப்பர்காரரிடம் போய்விடுகின்றன. லண்டன்–பிரைட்டன் ஓட்டத்தில் 1905க்கு முந்தைய வண்டிகளுக்குத்தான் இடம். வயதை நிரூபிக்க ஆவணம் வேண்டும். தொழிற்சாலைப் பதிவேடு அழிந்த வண்டிக்குச் சங்கத்தின் காகிதமே கடைசிச் சாட்சியாக இருக்கக்கூடும். மீட்டெடுத்த கார்களில் உரிமையாளர் பெயர் பளிச்சென்று நிற்கிறது; இன்ஜினைப் பிரித்துக் கோத்த மெக்கானிக்கின் பெயர் பெரும்பாலும் இந்தக் குறிப்புகளில் மட்டுமே இருக்கிறது.

அடுத்த முறை ஒரு பழைய காரைப் பற்றி எழுதும்போது, அதைச் சரிசெய்தவர் யார், உதிரிபாகம் எங்கிருந்து வந்தது என்று தங்கள் செய்தியாளர் அவசியம் கேட்க வேண்டும். பழைய செய்திமடல்களை வைத்திருக்கும் வாசகர்கள் எடைக்குப் போடும் முன், அருகிலுள்ள சங்கத்திடம் காட்டும்படி ஓர் அறிவிப்பும் வெளியிட்டால் மிகவும் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
வட்டாரச் சங்க உறுப்பினர் ஒருவர்