சராசரிக்குள் மறையும் இரைச்சல்

ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள கதிரேசன் அவர்களுக்கு,

வணக்கம். பேரனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தி மிகுந்த மகிழ்ச்சி அளித்தது. ஊருக்குத் தெற்கே விமான நிலையம் அமைக்கும் பேச்சு நடப்பதாகவும், சிறியதுதானே என்று பலர் அமைதியாக இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த அமைதிதான் எனக்குக் கவலை தருகிறது.

எங்கள் பக்கத்துச் சிலேத்தார் விமான நிலையமும் சிங்கப்பூரின் பெரிய விமான நிலையமான சாங்கியோடு ஒப்பிட்டால் சிறியதுதான். ஓடுபாதை 1,836 மீட்டர். ஆனால் இரைச்சலை முடிவு செய்வது நிலையத்தின் அளவு அன்று, அங்கே நடக்கும் பறத்தலின் தன்மை. பயணிகள் விமானம் ஒருமுறை கடந்து போய்விடும். பயிற்சி விமானமோ தரையைத் தொட்டவுடன் மீண்டும் எழும்பி, ஏறத்தாழ 1,000 அடி உயரத்தில் அதே வீடுகளைச் சுற்றிச் சுற்றி வரும். ஆகவே, பயிற்சிப் பள்ளி வருமா, எந்த நேரங்களில் பறக்கும் என்பதே உங்கள் முதல் கேள்வியாக இருக்கட்டும்.

திட்டத்தின் சுற்றுச்சூழல் அறிக்கையில் இரைச்சலின் நாள் சராசரியைக் காட்டுவார்கள். ஒரு நிமிடம் நீடிக்கும் 80 டெசிபெல் ஒலியை 24 மணி நேரத்துக்குப் பரப்பினால் 48 டெசிபெல் அளவே மிஞ்சும். பகலில் 20 முறை அப்படி ஒலித்தாலும் 62-ஐ எட்டாது. அமெரிக்காவில் வீடுகளுக்கு ஏற்கத்தக்க எல்லை 65 என்பதால், தாளில் எல்லாம் சரியாகவே தெரியும். பாடம் நடத்தும் ஆசிரியரோ 20 முறையும் பேச்சை நிறுத்த வேண்டியிருக்கும். சராசரியோடு, ஒவ்வொரு பறத்தலின் உச்ச ஒலியையும் கேட்டு வாங்குங்கள்.

எரிபொருளையும் விசாரியுங்கள். ஜெட் விமானங்களின் மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஈயம் கலப்பதில்லை. பிஸ்டன் எஞ்சின் கொண்ட சிறு விமானங்கள் பரவலாகப் பயன்படுத்தும் பெட்ரோலில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். இந்தியாவில் 2000-இல் கார்களுக்கு விலக்கப்பட்ட அதே நஞ்சு, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பது.

எல்லாவற்றிலும் என் மனத்தை வருத்துவது உங்கள் ஊர்க் கண்மாய்தான். நீர் இருக்கும் இடத்தில் கொக்கும் நாரையும் கூடும். பறவை மோதினால் விமானத்துக்கு ஆபத்து என்பதால், பின்னாளில் கண்மாயே இடைஞ்சலாகக் கருதப்படும். ஓடுபாதையின் தார்ப்பரப்பு, கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்களை மறித்தால், மழைநீர் வயலுக்குள் பாயும்.

2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் விமான நிலையங்களும் அடங்கும். கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டால், வரைவு அறிக்கையின் படியை எனக்கு அனுப்புங்கள். ஒலிக் கணக்குகளை நான் சரிபார்த்து எழுதுகிறேன். வரத்துக்கால்கள் செல்லும் வழியை நீங்கள் இப்போதே வரைந்து வைத்துவிடுங்கள்.

அன்புடன்,
முத்துராமன்